‘மூன்றாம் உலக நாடு’ என்று சொல்வது நியாயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்வெட்டு வந்தாலும், சாலையில் பள்ளம் விழுந்தாலும், ஊழல் செய்தி வந்தாலும் “மூன்றாம் உலக நாடுதானே, வேறென்ன எதிர்பார்ப்பது” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரலாற்றுச் சொல்லாக அதற்கு மரியாதை உண்டு. இன்றைக்கு ஒரு நாடு எப்படி இருக்கிறது என்று சொல்ல அது உதவாது. அதற்குப் பதிலாக வந்த சொற்களும் அவ்வளவு சுத்தமானவை அல்ல.

இந்தப் பெயரை வைத்தது யார்?

ஆல்ஃபிரட் சோவி என்ற பிரெஞ்சு மக்கள்தொகை ஆய்வாளர். 1952 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் வார இதழ் ஒன்றில் எழுதிய சிறு கட்டுரையில் இதைப் பயன்படுத்தினார். அமெரிக்க அணி, சோவியத் அணி, இவற்றுக்கு இடையே போர் வருமா வராதா என்றே எல்லாரும் பேசுகிறார்கள், மூன்றாவதாக ஓர் உலகம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய வாதம்.

‘மூன்றாம்’ என்பதை அவர் எடுத்த இடம் முக்கியம். 1789 புரட்சிக்கு முன் பிரான்சில் மக்களை மூன்று பிரிவாக வைத்திருந்தார்கள். பாதிரிமார் முதல் பிரிவு, பிரபுக்கள் இரண்டாம் பிரிவு. உழவர், கைவினைஞர், வணிகர், வக்கீல் என்று மிச்சமிருந்த அத்தனை பேரும் மூன்றாம் பிரிவு. வரிச்சுமை பெரும்பாலும் இவர்கள் தலையில்தான். அந்த ஆண்டு ஜனவரியில் சியேஸ் என்ற பாதிரியார் எழுதிய துண்டுநூல், மூன்றாம் பிரிவுதான் எல்லாமே, ஆனால் இதுவரை அதை ஒன்றுமில்லாததாக வைத்திருக்கிறார்கள், இனி அதுவும் ஏதாவது ஆக விரும்புகிறது என்றது. சில மாதங்களில் பிரான்ஸ் தலைகீழானது. சோவி தன் கட்டுரையை அந்த வாசகத்தை நினைவூட்டித்தான் முடித்தார்.

ஆக அவர் கொடுத்தது தரவரிசை எண் அல்ல. கண்டுகொள்ளாமல் விட்டால் எழுந்து நிற்பார்கள் என்று தன் நாட்டு ஆட்சியாளர்களுக்கு விடுத்த எச்சரிக்கை.

அப்படியானால் ஸ்விட்சர்லாந்தும் மூன்றாம் உலகமா?

பனிப்போர்க் கணக்கை அப்படியே போட்டால், ஆமாம். அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் முதல் உலகம், சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டாளிகளும் இரண்டாம் உலகம், எதிலும் சேராதவர்கள் மூன்றாம் உலகம். ஸ்விட்சர்லாந்து, சுவீடன், ஆஸ்திரியா, அயர்லாந்து எல்லாம் நடுநிலை நாடுகள். ஆனால் அவற்றை யாரும் அப்படி அழைத்ததில்லை. ஏழ்மையும் காலனி வரலாறும் தொடக்கத்திலிருந்தே அந்தச் சொல்லுக்குள் கலந்திருந்தன. வெறும் அணிக்கணக்கு, அதில் இழிவு எதுவும் இல்லை என்று வாதாடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு இரண்டாம் உலகம் போய்விட்டது. இரண்டு இல்லாமல் மூன்று மட்டும் நிற்கிறது.

அந்த நாடுகளே இதை ஏற்றுக்கொண்டனவா?

ஏற்றுக்கொண்டன, ஒரு காலத்தில் பெருமையாகவே. 1954இல் கொழும்பில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய 5 நாடுகளின் பிரதமர்கள் கூடினார்கள். அந்த ஐவரின் அழைப்பில்தான் அடுத்த ஆண்டு ஏப்ரல் 18 முதல் 24 வரை இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மாநாடு நடந்தது. உலக மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அந்த மண்டபத்தில் பிரதிநிதித்துவம் பெற்றிருந்தது. மேற்கத்திய வல்லரசு ஒன்றுகூட மேடையில் இல்லை.

எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாகிஸ்தான் அமெரிக்கக் கூட்டணியில் இருந்தது, துருக்கி நேட்டோவில் இருந்தது, சீனா கம்யூனிஸ்ட் நாடு, ஜப்பானும் வந்திருந்தது. இலங்கைப் பிரதமர் சர் ஜான் கொத்தலாவல எழுந்து, காலனி ஆதிக்கம் என்றால் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் நடத்துவதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று போட்டுடைத்தார். நேருவுக்குக் கோபம். பேசுவதற்கு முன் என்னிடம் காட்டியிருக்கக் கூடாதா என்று அவர் கேட்டதாகவும், நீங்கள் உங்கள் பேச்சை என்னிடம் காட்டுகிறீர்களா என்று தான் திருப்பிக் கேட்டதாகவும் கொத்தலாவல பின்னாளில் எழுதியிருக்கிறார். எனக்கு இந்தக் காட்சி பிடிக்கும். ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்ட நாடுகள் தங்களுக்குள் எவ்வளவு வேறுபட்டிருந்தன என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1961இல் பெல்கிரேடில் அணிசேரா இயக்கம் தொடங்கியது. 1964இல் ஐ.நா.வில் 77 நாடுகள் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. உறுப்பினர்கள் 130ஐத் தாண்டிய பிறகும் அதன் பெயர் ‘77 நாடுகள் குழு’தான். 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் 5ஆவது உச்சிமாநாடு, சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில், கொழும்பில் சீன உதவியுடன் கட்டிய பண்டாரநாயக்க நினைவு மண்டபத்தில் நடந்தது.

கோரிக்கைகளும் வெறும் கோஷங்கள் அல்ல. ஐ.நா. வணிக, வளர்ச்சி மாநாடு என்ற அமைப்பின் முதல் தலைமைச் செயலர் ரவுல் பிரெபிஷ் அர்ஜென்டினாக்காரர். தேயிலை, கோகோ, செம்பு போன்ற மூலப்பொருள் விற்கும் நாடுகள், இயந்திரம் விற்கும் நாடுகளிடம் காலப்போக்கில் தோற்றுக்கொண்டே போகின்றன என்பது அவர் வாதம். அதாவது அதே டிராக்டரை வாங்க வருடத்துக்கு வருடம் கூடுதல் தேயிலை விற்க வேண்டும். தேயிலையை நம்பியிருந்த இலங்கைக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1974 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை ‘புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு’ வேண்டும் என்று பிரகடனமே நிறைவேற்றியது. நடைமுறையில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை, அது வேறு கதை.

மாவோ சொன்ன மூன்று உலகமும் இதுவும் ஒன்றா?

இல்லை. சீனத் தலைவர் மாவோவின் கணக்கில் அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்துதான் முதல் உலகம். ஜப்பானும் ஐரோப்பாவும் கனடாவும் இரண்டாம் உலகம். மற்ற ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா மூன்றாவது. 1974இல் சீனாவின் சார்பில் டெங் சியாவோபிங் இதை ஐ.நா.விலேயே பேசினார். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிறகு எப்போது இது வசைச்சொல் ஆனது?

தேதி சொல்ல முடியாது. 1980களின் கடன் நெருக்கடியில் இந்த நாடுகள் கூட்டாகப் பேரம் பேசும் பலத்தை இழந்தன. ஆளுக்கு ஆள் சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் நின்றார்கள். அரசியல் போனதும் சொல்லில் மிஞ்சியது பஞ்சமும் குப்பையும் கலவரமும்தான்.

இப்போது அது யாரைக் குறிக்கிறது என்றுகூடத் தெரிவதில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், மூன்றாம் உலக நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் குடியேற்றத்தை நிரந்தரமாக நிறுத்தப்போவதாகச் சமூக ஊடகத்தில் அறிவித்தார். எந்தெந்த நாடுகள் என்று அந்தப் பதிவில் இல்லை. ஒரு மனிதரின் விசாவும் குடும்பமும் தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில், வரையறையே இல்லாத ஒரு சொல். நியாயமா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

‘வளரும் நாடு’ என்றால் பரவாயில்லையா?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள்ளும் ஒரு கதை உண்டு. 1949 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் பதவியேற்பு உரையில் ‘வளர்ச்சி குன்றிய பகுதிகளுக்கு’ உதவ வேண்டும் என்று பேசினார். எல்லா நாடுகளும் ஒரே பாதையில் போகின்றன, சிலர் முன்னே, சிலர் பின்னே என்ற படம் அதன்பின் எல்லா இடத்திலும் பரவியது. பின்னே இருப்பவர் ஏன் பின்னே இருக்கிறார், யார் அவரைப் பிடித்து வைத்திருந்தது என்ற கேள்வி அந்தப் படத்தில் இல்லை. வரலாற்றை மறைப்பதில் ‘வளரும்’ என்பது ‘மூன்றாம்’ என்பதைவிடக் கெட்டிக்காரத்தனமான சொல்.

உலக வங்கியே 2016இல் தன் வளர்ச்சிக் குறியீட்டுத் தரவுகளில் ‘வளரும்’, ‘வளர்ந்த’ என்ற பிரிவினையைக் கைவிட்டது. உலக வணிக அமைப்பில் இன்னும் வேடிக்கை. அங்கே வரையறையே கிடையாது. ஒரு நாடு தன்னை வளரும் நாடு என்று தானே சொல்லிக்கொள்ளலாம். சொன்னால் வரிக்குறைப்புக்குக் கூடுதல் அவகாசம் போன்ற சலுகைகள் உண்டு. கார், கப்பல், சிப் எல்லாம் உலகுக்கே விற்ற தென்கொரியா 2019 வரை அந்தப் பெயரை விடவில்லை. அந்த அக்டோபரில்தான் இனி வரும் பேச்சுவார்த்தைகளில் அந்தச் சலுகை கேட்க மாட்டோம் என்றது. ஐ.நா. வணிக, வளர்ச்சி மாநாடு 2021இல் தென்கொரியாவை வளர்ந்த நாடுகள் பக்கம் மாற்றியது. 1964க்குப் பிறகு அப்படி இடம் மாறிய முதல் நாடு அதுதான்.

உலக வங்கியின் வருமானப் பட்டியல் துல்லியமானதுதானே?

எண் துல்லியம்தான். ஆனால் எண் சொல்வது என்ன என்பதை இலங்கையில் பாருங்கள்.

உலக வங்கி ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று தனிநபர் வருமானத்தை வைத்து நாடுகளைக் குறைந்த, கீழ்நடுத்தர, மேல்நடுத்தர, உயர் வருமானம் என 4 தட்டுகளில் வைக்கிறது. 2019இல் கீழ்நடுத்தரத் தட்டின் உச்சவரம்பு 3,995 டாலர். இலங்கையின் கணக்கு 4,060. மேலே ஏறிவிட்டது. அரசியல்வாதிகள் மகிழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு வரம்பு 4,045 ஆனது, இலங்கை 4,020இல் நின்றது. சுமார் 25 டாலரில் கீழே இறக்கிவிட்டார்கள். அந்த இரண்டு ஜூலைகளுக்கு இடையில் நுவரெலியாவில் கொழுந்து பறிக்கிற பெண்ணின் கூலியோ, யாழ்ப்பாண மருத்துவமனையின் படுக்கைகளோ ‘மேல்நடுத்தரம்’ ஆகி, மறுபடி ‘கீழ்நடுத்தரம்’ ஆகவில்லை. ரூபாயின் டாலர் மதிப்பும் வரம்பும் கொஞ்சம் அசைந்தன, அவ்வளவுதான்.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. மருந்து இல்லை, டீசல் வரிசை நாள் கணக்கில். அந்த ஆண்டு கடைசியில் அரசு உலக வங்கியிடம் கேட்டது என்ன தெரியுமா? ஏழை நாடுகளுக்குக் குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் கடன் தரும் சர்வதேச அபிவிருத்திச் சங்கத்தில் எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. அதிலிருந்து ‘தேர்ச்சி பெற்று’ வெளியேறி 5 வருடம்தான் ஆகியிருந்தது. டிசம்பரில் அனுமதி கிடைத்தது. நாட்டின் மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று விமர்சனம் எழுந்தது. எனக்கு அந்த விமர்சனம் புரியவில்லை. கையில் பணமில்லாதவர் குறைந்த வட்டிக்குப் போவதில் மானக்கேடு என்ன? பட்டியலில் எந்த இடம் என்பது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டதுதான் கோளாறு.

இதே இலங்கையை 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. எந்த வருமானத் தட்டும் இதைச் சொல்லாது.

அப்படியானால் முத்திரையால் நன்மையும் உண்டா?

நிச்சயம் உண்டு. 1971 முதல் ஐ.நா. ‘மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகள்’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வருமானம், கல்வி மற்றும் சுகாதார நிலை, பொருளாதாரம் எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்ற மூன்றையும் பார்க்கிறார்கள். வங்கதேசம் 1975 முதல் அதில் இருக்கிறது. அதனால் அங்கே தைத்த சட்டை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுங்க வரி இல்லாமல் நுழைகிறது. மருந்துக் காப்புரிமை விதிகளிலிருந்தும் இப்பட்டியல் நாடுகளுக்கு 2033 தொடக்கம் வரை விலக்கு உண்டு. அதைப் பயன்படுத்தி வங்கதேச நிறுவனங்கள் உள்நாட்டுக்குத் தேவையான மருந்துகளில் பெரும்பகுதியைத் தாங்களே தயாரிக்கின்றன. பட்டியலை விட்டு வெளியேற 2026 நவம்பரை ஐ.நா. கெடுவாகக் குறித்தபோது, பெருமையோடு கவலையும் வந்தது. ஏற்றுமதியாளர்கள் தள்ளிப்போடச் சொன்னார்கள்.

இந்த முத்திரைக்கும் ‘மூன்றாம் உலகம்’ என்ற முத்திரைக்கும் வேறுபாடு தெரிகிறதா? இதில் அளவுகோல் உண்டு, பலன் உண்டு, வெளியேறும் வழி உண்டு. போட்ஸ்வானா 1994இல் வெளியேறியது, மாலத்தீவு 2011இல். மூன்றாம் உலகத்திலிருந்து வெளியேற எந்த அலுவலகத்தில் மனுப்போடுவது?

இப்போது எல்லாரும் ‘உலகளாவிய தெற்கு’ என்கிறார்களே?

இந்திய அரசுக்குப் பிடித்த சொல். 2023 ஜனவரியில் 125 நாடுகளை அழைத்து அந்தப் பெயரில் இணையவழி மாநாடே நடத்தியது. பழைய பாண்டுங் உணர்வு இதில் கொஞ்சம் இருக்கிறது. நாமே நம்மை அழைக்கும் பெயர் என்பதால் நானும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரைபடத்தோடு ஒட்டாது. 1980இல் முன்னாள் ஜெர்மன் பிரதமர் வில்லி பிராண்ட் தலைமையிலான ஆணையம் வடக்கு, தெற்கு என்று ஒரு கோடு போட்டபோதே, ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் வடக்கில் சேர்க்க அந்தக் கோட்டைக் கீழே வளைத்து மேலே ஏற்ற வேண்டியிருந்தது. சிங்கப்பூர் தெற்கில் நின்றது. இன்று சீனாவும் தெற்கு, ஆப்பிரிக்காவின் சாட் நாடும் தெற்கு. கூட்டாகப் பேரம் பேசப் போகும்போது சொல்லலாம். விவரிக்க உதவாது.

பெயரை மாற்றினால் வறுமை போய்விடுமா?

போகாது. இந்திய ரயில்வே 1974இல் மூன்றாம் வகுப்பை ஒழித்தது. ஒழித்தது என்றால் இரண்டாம் வகுப்பு என்று பெயர் மாற்றியது. பலகை அதே பலகைதான். 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே அந்தப் பலகைகளுக்கு நுரைமெத்தை போட வைத்த பிறகுதான் பயணியின் முதுகுக்கு வித்தியாசம் தெரிந்தது. பெயர் மாற்றத்தைச் சாதனையாகக் கொண்டாடுபவர்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். ஆனால் அதற்காக ‘மூன்றாம் வகுப்புப் பயணி’ என்று மனிதர்களைத் தொடர்ந்து அழைக்கலாம் என்று யாரும் வாதாட மாட்டோம்.

ஒரு நாடு முழுவதற்கும் ஒரே முத்திரை பொருந்துமா?

இந்தியாவின் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஆயிரம் பிறப்புகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் நாட்டின் சராசரியில் 28. மத்தியப் பிரதேசத்தில் 43, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. இதில் எது ‘இந்தியா’?

பணக்கார நாடுகளிலும் இதே நிலைதான். கனடாவின் வட ஒன்டாரியோவில் நெஸ்காண்டகா என்ற பூர்வகுடி ஊரில், குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை 1995 முதல் இருக்கிறது. அந்த ஊர்க் குழந்தைகள் ஒரு தலைமுறையே காய்ச்சிய தண்ணீரிலும் பாட்டில் தண்ணீரிலும் வளர்ந்துவிட்டார்கள். அதற்காகக் கனடாவை யாரும் மூன்றாம் உலகம் என்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் ‘தேர்ட் வேர்ல்டு’ என்று அலுத்துக்கொண்டால் என்ன சொல்வது?

சண்டை போட வேண்டாம். பாதி நேரம் அவர் சொல்லும் குறை உண்மைதான். நடைபாதை இல்லை, கழிவுநீர் ஓடுகிறது, வரிசையில் யாரும் நிற்பதில்லை. அதை ஒப்புக்கொண்டுவிட்டு, “சரி மாமா, எது பிரச்சினை? கரண்டா, ரோடா, கவுன்சிலரா?” என்று கேளுங்கள். பெயரைச் சொன்னால் பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது. பிரச்சினையைச் சொன்னால்தான் யாரைப் போய்க் கேட்பது என்று தெரியும்.

அவர் டெக்சாஸ்காரர் என்றால் 2021 பிப்ரவரியைக் கேட்டுப் பாருங்கள். பனிப்புயலில் அங்கே 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். மின்நிலையங்களையும் எரிவாயுக் குழாய்களையும் குளிருக்குத் தயார்படுத்தாததும், பக்கத்து மாநிலங்களிலிருந்து போதிய மின்சாரம் வாங்க முடியாதபடி மின்கட்டமைப்பைத் தனியாக வைத்திருந்ததும் காரணங்கள். அப்போது அங்கேயும் பலர் ‘மூன்றாம் உலகம் மாதிரி ஆகிவிட்டது’ என்றுதான் புலம்பினார்கள். தன் வீட்டில் கரண்ட் போனாலும் அது இன்னொருவர் ஊர்ச் சமாச்சாரம் என்ற நினைப்பு!

ஏழை நாட்டில் வாழ்பவரே அப்படிச் சொன்னால்?

அது வேறு. ஆத்திரத்தில் தன் அரசைத் திட்டுகிறார். திட்டட்டும்.

சரி, கட்டுரையிலோ தேர்விலோ எந்தச் சொல்லைப் போடுவது?

பேசுவது 1950 முதல் 1990 வரையிலான அரசியல் என்றால் ‘மூன்றாம் உலகம்’ என்றே எழுதலாம், அந்தக் காலத்தவர் தம்மை அழைத்துக்கொண்ட பெயர் அது. கடன் பற்றி என்றால் வருமானப் பிரிவைச் சொல்லுங்கள், எந்த ஆண்டுக் கணக்கு என்பதோடு. சுங்கச் சலுகை பற்றி என்றால் ஐ.நா. பட்டியலின் பெயர். குழந்தை இறப்பு பற்றி என்றால் குழந்தை இறப்பு எண்ணையே போடுங்கள், இடையில் முத்திரை எதற்கு? வேறு வழியே இல்லாத இடத்தில் ‘வளரும் நாடுகள்’ போதும். வினாத்தாளே ‘மூன்றாம் உலக நாடுகளின் பிரச்சினைகள்’ என்று கேட்டிருந்தால், சோவியையும் பாண்டுங்கையும் முதல் பத்தியில் நாலு வரி சொல்லிவிட்டு விடைக்குள் போங்கள். மதிப்பெண் குறையாது, கூடவும் செய்யலாம்.